ஊரைக் கேட்டால் சேரி பேசுமா?

‘மக்கள் பங்கேற்பு’ என்ற சொல் ஆட்சியர் அலுவலகத்திலிருந்து தொண்டு நிறுவனம் வரைக்கும் எல்லோர் வாயிலும் புழங்குகிறது. காலநிலை மாற்றத்தால் எந்த ஊர் எவ்வளவு அடிபடும், யாருக்கு முதலில் அடிபடும் என்று மதிப்பிட வேண்டுமானால், அந்தந்த ஊர் மக்களையே கூட்டிவைத்துக் கேளுங்கள் என்கிறார்கள். 2022 முதல் தமிழ்நாட்டில் காலநிலை மாற்ற இயக்கம் என்று ஒன்று இருக்கிறது. மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் அதற்குக் கிளை உண்டு. கேட்பது நல்ல காரியம்தான், யாரும் மறுக்கப் போவதில்லை. ஆனால் ‘ஊர் மக்கள்’ என்றால் யார்? ஊரும் சேரியும் தனித்தனியாக இருக்கிற நாட்டில் ‘ஊரைக் கேட்டோம்’ என்று ஒருவர் எழுதிவைத்தால் அதை எப்படிப் படிப்பது? இந்தக் கேள்விக்கு ஆயிரம் வருஷத்துப் பழைய கணக்கு இருக்கிறது. திருத்தணி வட்டாரத்தில் நின்றுகொண்டு அதைப் புரட்டிப் பார்க்கலாம்.

திருத்தணி என்றதும் எல்லோருக்கும் மலையும் 365 படியும் ஆடிக்கிருத்திகைக் காவடியும்தான் நினைவுக்கு வரும். கோடையில் வானொலியும் தொலைக்காட்சியும் வெயில் கணக்குச் சொல்லும்போது வேலூரோடு சேர்ந்து திருத்தணி பெயரும் முன்வரிசையில் வரும். மலையைச் சுற்றியுள்ள நிலம் ஏரியை நம்பியது. நகரி ஆறும் கொசஸ்தலை ஆறும் ஆந்திரப் பக்கமிருந்து இறங்கி வருகின்றன. பக்கத்தில் பள்ளிப்பட்டு, திருவாலங்காடு. விசைத்தறி, கரும்பு வெட்டு, செங்கல் சூளை. பாதி வீட்டில் தமிழ், பாதி வீட்டில் தெலுங்கு. 1911 வரை வடஆற்காடு மாவட்டம், பிறகு சித்தூர் மாவட்டம், 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம், படாஸ்கர் தீர்ப்புக்குப் பின் 1960 ஏப்ரல் 1 முதல் சென்னை மாநிலம். எல்லைப் போராட்டத்தின் வரலாற்றை நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். மாநிலம் மாறினபோதும் மாவட்டம் மாறினபோதும் சேரி ஊருக்கு வெளியே அதே இடத்தில் இருந்ததை மட்டும் அந்த வரலாறுகளில் காணோம்.

தண்ணீர் விவகாரத்தில் ‘உள்ளூர் மக்கள்’ முடிவெடுத்ததற்குச் சான்று வேண்டும் என்றால் எல்லோரும் உத்திரமேரூர்க் கல்வெட்டைத்தான் காட்டுவார்கள். அதுவும் தொண்டை மண்டலத்து ஊர்தான். முதலாம் பராந்தகன் காலம், 919, 921ஆம் ஆண்டுகள். முப்பது குடும்பு, குடவோலை, ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். குடியரசின் வேர் என்று பாடப் புத்தகம் மெச்சுகிறது. அந்த வாரியத்தில் உட்காரத் தகுதி என்ன என்பதையும் அதே கல் சொல்கிறது. கால்வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். வேதம் தெரிந்திருக்க வேண்டும். அது பிரமதேயச் சபை, அதற்கு வேறென்ன தகுதி வைப்பார்கள் என்று கேட்கலாம். சரி. ‘சொந்த மனை’ என்ற தகுதியை மட்டும் நாம் ஞாபகத்தில் வைத்துக்கொள்வோம். ஆயிரம் வருஷம் கழித்து அது திரும்ப வரும்.

இன்னொரு கல்வெட்டு தஞ்சைப் பெரிய கோயிலில் இருக்கிறது. கோயிலுக்கு விட்ட ஊர்களில் வரி விதிக்கப்படாத இடங்கள் எவை என்று ராஜராஜன் காலத்தில் பட்டியல் போட்டார்கள். ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு, பறைச்சேரி, தீண்டாச்சேரி. சேரியை அளந்துவிட்டார்கள், கணக்கில் ஏற்றிவிட்டார்கள். கணக்கில் ஏறியவன் வாரியத்தில் ஏறவில்லை. அளக்கப்படுவது வேறு, கேட்கப்படுவது வேறு என்பது அன்றைக்கே தொடங்கிவிட்டது.

ஏரியை உண்மையில் பார்த்துக்கொண்டவன் யார்? தொண்டை மண்டலத்து ஊர்களில் அவனுக்கு நீர்க்கட்டி, கம்புகட்டி என்று பெயர். தெலுங்குப் பக்கம் நீருகட்டி. பல ஊர்களில் அவன் சேரிக்காரன். மதகைத் திறப்பது, அடைப்பது, வயலுக்கு வயல் முறை வைத்துத் தண்ணீர் கட்டுவது, மழை வலுத்தால் ராத்திரியில் கரைமேல் நடந்து எங்கே ஊறுகிறது, எங்கே நண்டு வளை பெருத்திருக்கிறது என்று பார்ப்பது எல்லாம் அவன் வேலை. கூலி, களத்தில் அளக்கும் நெல். நிலம் இல்லாதவன் கையில் மதகை ஏன் கொடுத்தார்கள் என்று யோசிக்க வேண்டும். தனக்கென்று வயல் இல்லாதவன் தன் வயலுக்குத் தண்ணீரைத் திருப்ப மாட்டான் அல்லவா! அவனுடைய இல்லாமையே ஊருக்கு நடுநிலையாகப் பயன்பட்டது. இதை ஊர் ஒற்றுமை என்று சில ஆய்வாளர்கள் உருகி எழுதியிருக்கிறார்கள். எத்தனை நாள் மழை பெய்தால் எந்த மடை தாங்காது, கலங்கல் வழிந்தால் தண்ணீர் எந்தத் தெருவில் நுழையும் என்பது அவன் காலுக்குத் தெரியும். அவனைக் கேட்டு எழுதிவைத்த கணக்கு ஒன்றும் இல்லை.

எழுதிவைத்தது வேறு. 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. ஏரிக் கரை, வாய்க்கால் மராமத்துக்கு வழக்கப்படி ஆள் தர வேண்டும், தராவிட்டால் தண்டம். குடிமராமத்து என்கிற அழகான சொல்லுக்குப் பின்னால் இந்தச் சட்டம் நிற்கிறது. மண் சுமந்த கூடை யார் தலையில் இருந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 2017இல் தமிழக அரசு அதே பெயரில் திட்டம் போட்டது. வேலை ஆயக்கட்டுதாரர் சங்கங்கள் மூலம் நடந்தது. ஆயக்கட்டில் நிலம் இருப்பவர்தான் ஆயக்கட்டுதாரர். 2000ஆம் ஆண்டின் விவசாயிகள் பாசன மேலாண்மைச் சட்டமும் பாசன நிலத்தைக் கையில் வைத்திருப்பவரையே உறுப்பினர் என்கிறது. வேதம் போய்விட்டது, கால்வேலி மட்டும் வேறு பெயரில் உட்கார்ந்திருக்கிறது.

1876 முதல் 1878 வரை வந்த தாது வருஷப் பஞ்சத்துக்கு வருவோம். பசிபிக் கடல் சூடேறியதால் பருவமழை பொய்த்தது என்பது இன்றைய அறிவியல் சொல்லும் காரணம். மழை பொய்த்ததை வானம் செய்தது என்று வைத்துக்கொள்ளலாம். யார் செத்தார்கள் என்பதை வானம் முடிவு செய்யவில்லை. சென்னை மாகாணத்தில் மட்டும் சுமார் 35 லட்சம் பேர் செத்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி கல்கத்தாவிலிருந்து வந்து, நிவாரண வேலை செய்கிற ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்றார். மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் இது உயிர் வாழப் போதாது என்று எதிர்த்தார். 1877இல் கூலியைக் கொஞ்சம் ஏற்றினார்கள். ஒரு மனிதன் எவ்வளவு பட்டினியைத் தாங்குவான் என்று இரண்டு வெள்ளை அதிகாரிகள் காகிதத்தில் சண்டை போட்டார்கள். பட்டினி கிடந்தவனைக் கூப்பிட்டு யாரும் விசாரிக்கவில்லை. சென்னை நகருக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கிற பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அந்தப் பஞ்சக் கூலிகள் வெட்டியது. நம் பாட்டன் பூட்டன் எலும்பில் ஓடுகிற கால்வாய் அது.

1880இல் பஞ்ச ஆணையம் அறிக்கை கொடுத்தது. மழை தவறினால் முதலில் சாய்பவர்கள் நிலமற்ற விவசாயக் கூலிகளும் கைத்தொழில்காரர்களும்தான் என்பதை அந்த ஆணையம் கண்டுகொண்டது. ‘நலிவுநிலை மதிப்பீடு’ என்று இன்றைக்குப் பெரிய பெயர் சூட்டிச் செய்யும் காரியம்தான் அது. பிறகு பஞ்ச விதித் தொகுப்பு வந்தது, நிவாரண வேலை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்றெல்லாம் விதி வந்தது. கூலிக்காரன் ஏன் நிலமற்றவனாக இருக்கிறான் என்ற கேள்வியை மட்டும் அந்தத் தொகுப்பு கேட்கவில்லை.

அதைக் கேட்டது ஒரு மாவட்ட அறிக்கை. 1891இல் செங்கல்பட்டுப் பொறுப்புக் கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் அந்த மாவட்டத்துப் பறையர்களைப் பற்றி அரசுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். மாவட்ட ஜனத்தொகையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு அவர்கள். அவர்கள் சோறு, கூலி, கடன், குடிசை என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு போய் ஒரு இடத்தில் நிற்கிறார். அவர்கள் குடியிருக்கும் மனை அவர்களுடையது இல்லை. மிராசுதாரன் நினைத்தால் குடிசையைப் பிரிக்கச் சொல்லலாம். கூலி கேட்டாலும், தரிசுக்கு மனுப் போட்டாலும், மகனைப் பள்ளிக்கூடம் அனுப்பினாலும் ‘என் மனையை விட்டு எழுந்திரு’ என்று ஒரு வார்த்தை போதும். தரிசு நிலத்துக்குத் தர்க்காஸ்து போட்டால் மிராசுதாரனுக்கே முன்னுரிமை. உத்திரமேரூர்க் கல்லில் பார்த்தோமே, சொந்த மனை. வாரியத்துக்கு உள்ளே போகத் தகுதியாக இருந்த அதே பொருள், ஆயிரம் வருஷம் கழித்து வாயைத் திறக்கவே தகுதியாகிவிட்டது.

டிரமென்ஹீர் சேரிக்காரர்களை உட்காரவைத்து விசாரித்த மகான் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் ஆங்கில அதிகாரி, வரி வசூல் அவர் வேலை. சேரியின் குரல் அன்றைக்கு அரசின் காதில் விழுந்ததென்றால் பெரும்பாலும் மிஷனரிகள் வழியாகத்தான். செங்கல்பட்டில் ஆடம் ஆண்ட்ரூ, திருத்தணிக்குக் கிழக்கே திருவள்ளூருக்குப் பக்கத்து ஈக்காட்டில் வில்லியம் கவுடி. அவர்களுக்கும் அவர்கள் நோக்கம் இருந்தது. ஆனால் சேரிகளுக்குள் போய்வந்தவர்கள் என்பதால் மனைப் பிரச்சினை அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதே 1891இல்தான் அயோத்திதாசர் திராவிட மகாஜன சபையைத் தொடங்கினார். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ பத்திரிகையைத் தொடங்கினார். அவரும் செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர். வெள்ளைக்காரன் எழுதின ஒரு குறிப்பால் எல்லாம் வந்துவிட்டது என்று நினைப்பவர்கள் இந்த ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

1892 செப்டம்பர் 30ஆம் தேதி 1010, 1010ஏ என்று அரசாணை வந்தது. தரிசு நிலத்தைப் பிரித்துப் பஞ்சமருக்குக் கொடுப்பது, பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்டவருக்கு மட்டுமே கைமாற்ற வேண்டும் என்பது நிபந்தனை. இதுதான் பஞ்சமி நிலம். தமிழ்நாட்டில் 12 லட்சம் ஏக்கர் என்று நம் இயக்கங்கள் சொல்லிவருகின்றன. பஞ்சத்துக்குப் பின் பதினைந்து வருஷத்துக்குள் வந்த இந்த ஆணையைக் காலநிலை பற்றிப் பேசுகிறவர்கள் யாரும் எடுத்துக் காட்டுவதில்லை. மழை தவறினால் யார் முதலில் சாய்கிறார்கள் என்ற கேள்விக்கு மண் கொடு என்று பதில் சொன்ன ஒரே ஆணை அதுதான் என்பது என் எண்ணம்.

அந்தப் பதிலும் திருத்தணிக்கு நேராக வரவில்லை. அன்றைக்குத் திருத்தணி வடஆற்காட்டில், கார்வேட் நகர் ஜமீனுக்குள் இருந்தது. ரயத்துவாரிப் பகுதியில் தரிசு சர்க்காருடையது, ஜமீனில் தரிசு ஜமீன்தாருடையது. கலெக்டர் மனம் இரங்கினாலும் எடுத்துக் கொடுக்க அவர் கையில் மண் இல்லை. 1948இல்தான் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. எனவே செங்கல்பட்டுச் சேரிக்கும் திருத்தணிச் சேரிக்கும் ஒரே வெயில், ஒரே மழை, ஆனால் கையில் உள்ள காகிதம் வேறு. மாவட்டம் முழுக்க ஒரே எண்ணைப் போட்டு ‘நலிவு நடுத்தரம்’ என்று வண்ணம் தீட்டுகிற வரைபடத்தில் இந்த வித்தியாசம் எங்கே தெரியும்?

காகிதம் இருந்த இடத்திலும் நிலம் தங்கவில்லை. காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்கக் கிளம்பிய போராட்டம் 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. ஜான் தாமஸ், ஏழுமலை இரண்டு பேரும் செத்தார்கள். அரசு எழுதிக்கொடுத்த காகிதத்தைக் காட்டி அரசிடம் கேட்டவர்கள் அவர்கள். நலிவைப் பற்றி ‘மக்களே வந்து சொல்லுங்கள்’ என்று கூப்பிடும்போது இந்தத் தேதி கூப்பிடுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சொன்னால் என்ன ஆகும் என்பது சொல்ல வேண்டியவனுக்கு நன்றாகத் தெரியும்.

எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் ‘பங்கேற்பு முறை ஊரக மதிப்பீடு’ வந்தது. ராபர்ட் சேம்பர்ஸ் என்ற இங்கிலாந்துக்காரர் அதைப் பரப்பினார், இந்தியத் தொண்டு நிறுவனங்கள் அதைச் செய்து காட்டின. தரையில் கோலப்பொடியால் ஊர்ப்படம் வரைவது, புளியங்கொட்டை வைத்துக் கணக்குப் போடுவது, பெரியவர்களைக் கேட்டு எந்த வருஷம் வறட்சி, எந்த வருஷம் வெள்ளம் என்று காலக்கோடு போடுவது. படிக்காதவரும் பேச முடியும் என்பது அதன் பலம், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கோலப்பொடி எந்த இடத்தில் கொட்டப்படுகிறது? கோயில் முன்னாலா, பஞ்சாயத்துத் தலைவர் வீட்டுத் திண்ணைக்குக் கீழேயா? அங்கே வரையும் படத்தில் ஏரி இருக்கும், கோயில் இருக்கும், பள்ளிக்கூடம் இருக்கும். காலனி ஓரத்தில் ஒரு வட்டமாகக் கிடக்கும். காலை பதினொரு மணிக்குக் கூட்டம் என்றால் சூளையிலும் கரும்புத் தோட்டத்திலும் நூறு நாள் வேலையிலும் இருக்கிறவள் எப்படி வருவாள்? கூலியை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாலும், யார் வயலில் நாளைக்கு நடவுக்குப் போக வேண்டுமோ அவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது என்ன பேசுவாள்? ‘அய்யா சொல்றதுதாங்க’ என்பாள். அதையும் ‘ஒருமித்த கருத்து’ என்று எழுதிக்கொள்வார்கள். கிராமத்தை அலகாக வைக்காதே, தனிமனிதனை வை என்று 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் வாதாடியது இதை எல்லாம் தெரிந்துதான்.

குறியீடுகளின் கதை இன்னொன்று. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ஆதரவில் மண்டி, குவாஹாட்டி ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து எல்லா மாநிலங்களின் நலிவையும் ஒரே சட்டகத்தில் ஒப்பிட்டு அறிக்கை தந்தன. வறுமைக் கோடு, மானாவாரி நிலம், சிறு குறு நிலவுடைமை, பெண்கள் வேலைப் பங்கு, நூறு நாள் வேலை, சாலை, மருத்துவப் பணியாளர் என்று பதினான்கு குறியீடு. பயனுள்ள வேலைதான். சாதிக்கு அதில் தனி இடமில்லை. சிறு நிலம் வைத்திருப்பவன் நலிந்தவன் என்று தெரிகிறது. நிலமே இல்லாதவன் அந்தக் குறியீட்டின் கண்ணில் படவே மாட்டான், ஏனென்றால் அவனுடைய நிலம் சிறியதுகூட இல்லை.

இழந்ததைக் கணக்கிடும்போதும் இதே கதைதான். 2004 சுனாமியில் நாகப்பட்டினத்துப் பக்கம் படகு இழந்தவருக்குப் படகு வந்தது. கருவாடு சுமந்தவரும் உப்பளக் கூலியும் இருளரும் என்ன இழந்தார்கள் என்று சொல்லப் பட்டியலில் வரி இல்லை. வெள்ளத்தில் பயிர் போனால் 33 சதவீதத்துக்கு மேல் சேதமான பயிருக்கு ஹெக்டேர் கணக்கில் இடுபொருள் உதவி உண்டு. அதே வயலில் அறுப்புக் கூலி போனவளுக்கு அந்த விதியில் எதுவும் இல்லை. உடைமை உள்ளவனுக்கே இழப்பு உண்டு என்பது அரசு நிவாரணத்தின் தர்க்கம்.

திருத்தணிக்குத் திரும்புவோம். 2021 நவம்பர் மழையில் ஆந்திரத்து அம்மப்பள்ளி அணையிலிருந்து உபரிநீர் திறந்து, கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வந்து, பள்ளிப்பட்டுப் பக்கம் தரைப்பாலங்கள் முழுகின. 1960இல் கோடு போட்டவர்கள் தாலுக்காவைப் பிரித்தார்கள், ஆற்றைப் பிரிக்க முடியுமா? ஒரு மாநிலத்தில் மதகு, இன்னொரு மாநிலத்தில் வெள்ளம். எச்சரிக்கை அணையிலிருந்து ஆட்சியருக்கும், ஆட்சியரிடமிருந்து தாசில்தாருக்கும், அங்கிருந்து தண்டோராவுக்கும் வந்து சேரும் பாதையில் காலனி எத்தனையாவது இடம்? எங்கள் பக்கத்துக் கிழவிகளைக் கேட்டால் தெரியும்: “ஏரி ரொம்பினா தண்ணி மொதல்ல எங்க வூட்டத்தான் வந்து பாக்கும். அதிகாரிங்க தண்ணி வடிஞ்ச அப்புறமாதான் வருவாங்க.”

வெயிலும் அப்படித்தான். வானிலை நிலையத்துக் கருவி நிழலில், வெள்ளைப் பெட்டிக்குள், தரையிலிருந்து ஆள் உயரத்தில் இருக்கிறது. அது காட்டுவது காற்றின் சூடு. தொகுப்பு வீட்டின் தளத்துக்குக் கீழே ராத்திரி பத்து மணிக்கு என்ன சூடு, சூளை வாயில் என்ன சூடு, தகரக் கூரைக்குள் பத்துமாதக் குழந்தை என்ன ஆகிறது என்பதை அந்தக் கருவி சொல்லாது. அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் காலனியில் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்க வேண்டுமானால் காலனிக்கு வர வேண்டும், வேலை முடிந்து சாயங்காலம் வர வேண்டும், பகலில் கூப்பிட்டால் அன்றைய கூலியைக் கொடுத்துக் கூப்பிட வேண்டும். தமிழில் மட்டுமில்லாமல் தெலுங்கிலும் கேட்க வேண்டும். பெண்களைத் தனியாக, இருளர் குடியிருப்பில் தனியாக, அருந்ததியர் தெருவில் தனியாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் சேரிக்குள்ளும் பேச்சில் மேடு பள்ளம் உண்டு. படம் வரைவதாக இருந்தால் ஏரியிலிருந்து தொடங்காமல் வீட்டு மனையிலிருந்து தொடங்கட்டும். பட்டா யார் பேரில், மனை எந்த மட்டத்தில், கலங்கல் தண்ணீர் எந்த வழியாக வரும், தரிசு யார் கையில், பஞ்சமி என்று பதிவேட்டில் இருந்ததா, இப்போது அங்கே என்ன நிற்கிறது.

அந்தப் படத்தில் கடைசியாக ஒரு பாதை வரும். எந்தக் குறியீட்டிலும் இல்லாத பாதை. தமிழகத்தில் எத்தனையோ காலனிகளின் சுடுகாடு ஓடைக்கு அந்தப் பக்கமோ வயலுக்கு நடுவிலோதான் இருக்கிறது. மழைக்காலத்தில் கழுத்தளவுத் தண்ணீரில் பாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போகிற படம் வருஷா வருஷம் பத்திரிகையில் வருகிறது. ஊர்த் தெரு வழியாகப் போனால் நனையாமல் போகலாம். அந்தத் தெருவில் விடமாட்டார்கள்.